ஒரு மின்சுற்றும் ஒரு வகுப்பும்

கைக்கு ஒரு கல்வி, மூளைக்கு ஒரு கல்வி என்ற பிரிவினை எமது சமுதாயத்தில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. உழுபவனும், தச்சுவேலை செய்பவனும், கொல்லனும், வாத்தியம் வாசிப்பவனும் தத்தம் தொழிலை அறிந்திருந்தால் போதும், ஏன் எதற்கு என்று வினவும் உரிமை ஏடு படித்தோர்க்கே உரியது என்ற எண்ணத்தைச் சாதியமைப்பு எமக்குக் கையளித்தது. குடியேற்ற ஆட்சி அதனை அழிக்கவில்லை. திட்டமிடும் பொறியியலாளன் வெள்ளையன், படத்தைப் பார்த்து வேலை செய்பவன் சுதேசி என்று அதற்குப் புதிய உடை ஒன்றை அணிவித்தது. 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நாடெங்கும் பாடசாலைக் கதவுகளைத் திறந்துவிட்டது. 2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பில் தொழினுட்பத் துறை தனியொரு துறையாக அறிமுகமாயிற்று. இவை பெரும் வெற்றிகள். எனினும் கதவு திறந்த பின்னும் உள்ளே நிகழ்வது என்ன என்ற வினா எஞ்சி நிற்கின்றது. தொழினுட்பம் கற்கவரும் ஏழை மாணாக்கனுக்கு நாம் எதனைக் கற்பிக்கின்றோம்? ஒரு பொருளை ஆக்கும் ஆற்றலையா, அல்லது பிறர் ஆக்கியதைப் பொருத்தும் பழக்கத்தையா?

இந்த வினாவை மேடையில் எழுப்புவது எளிது. வகுப்பறையில் அது எவ்வாறு எழுகின்றது என்பதனைச் சொல்வதே என் நோக்கம். இலக்கிய ஏடொன்றில் மின்சுற்றைப் பற்றி எழுதுவதா என்று சில நண்பர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். மனிதன் தன் அறிவாலும் உழைப்பாலும் இயற்கையை விளங்கிக்கொள்ளும் முயற்சி எதுவும் இலக்கியத்துக்குப் புறம்பானதன்று என்றே நான் கருதுகின்றேன்.

நான் இலத்திரனியல் கற்பிப்பவன். என்னிடம் வருவோர் பெரும்பாலும் பல்கலைக்கழக வாயில் வரை சென்று திரும்பியவர்கள். கடையிலும் கராச்சிலும் பகலில் வேலை செய்து மாலையிற் படிப்பவர்கள். அவர்களின் பாடத்திட்டத்தில் ‘மீடிறன் தொகுப்பி’ என்றொரு செய்முறை உண்டு. வழமையாக அதனை நடத்தும் முறை இதுதான். அச்சிட்ட தாள் ஒன்று கொடுக்கப்படும். அதிற் சுற்றுப்படம் இருக்கும். தடையிகளின் பெறுமானங்கள் இருக்கும். எந்த முனையை எந்த முனையோடு இணைக்க வேண்டும் என்பதும் இருக்கும். தாள் ஆங்கிலத்தில் இருக்கும். மாணாக்கன் கம்பிகளை இணைப்பான். அலை தோன்றினால் புள்ளி கிடைக்கும். தோன்றாவிட்டால் பக்கத்து மேசையைப் பார்த்து இணைப்பான். மூன்று மணி நேரத்தின் பின் அவனிடம், “ஏன் இந்தத் தடையி நூறு கிலோஓம்?” என்று கேட்டால், “தாளில் அப்பிடித்தான் இருக்கு, சேர்” என்பான். அவன் பொய் சொல்லவில்லை. நாம் அவனுக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

சுற்றைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். மீடிறன் என்பது ஓர் அசைவு விநாடிக்கு எத்தனை முறை மீள்கின்றது என்பதன் அளவு. அதன் அலகு ஹேர்ட்ஸ். வானொலிக்கும், கைப்பேசிக்கும், கணினிக்கும், மணிக்கூட்டுக்கும் தளம்பாத மீடிறன் வேண்டும். அதனைத் தருவதில் மிகச் சிறந்தது குவார்ட்ஸ் பளிங்கு. சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றுகின்றது என்பதை 1880ஆம் ஆண்டில் யாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள் கண்டறிந்தனர். மின் கொடுத்தால் பளிங்கு நெளியும் என்ற மறுதலை உண்மையும் விரைவில் நிறுவப்பட்டது. குறித்த அளவில் வெட்டிய பளிங்கு குறித்த மீடிறனிலேயே அதிர விரும்பும். சுவர் மணிக்கூட்டினுள் அரிசிமணியிலும் சற்றே பெரிய உலோகக் குழல் ஒன்று இருக்கும். அதனுள் இருக்கும் பளிங்கு விநாடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. இந்த எண் தற்செயலானதன்று. இரண்டைப் பதினைந்து முறை தன்னாற் பெருக்கினால் இது வரும். ஆதலின் இதனைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கின்றது. அதுவே கடிகார முள்ளை நகர்த்துகின்றது. இத்தகைய பளிங்கின் பிழை பத்து இலட்சத்துக்கு இருபது என்ற அளவினது. ஒரு நாளைக்கு இரண்டு விநாடியிலும் குறைவு.

பளிங்கு நேர்மையானது, ஆயின் பிடிவாதமானது. ஒரு பளிங்கு ஒரு மீடிறனையே தரும். வானொலியிலோ நிலையத்துக்கு நிலையம் மீடிறன் மாறவேண்டும். 100 மெகாஹேர்ட்ஸ் நிலையமொன்றைக் கேட்பதற்குப் பல வானொலிகள் தம்முள் 110.7 மெகாஹேர்ட்ஸ் அலையொன்றை ஆக்கிக்கொள்கின்றன. அடுத்த நிலையத்துக்குப் போக அந்த அலையும் நகரவேண்டும். நிலையத்துக்கொரு பளிங்கு வைப்பது நடைமுறையாகாது. ஒரேயொரு பளிங்கின் நேர்மையைப் பல மீடிறன்களுக்கும் பகிர்ந்தளிப்பதே மீடிறன் தொகுப்பியின் வேலை.

மீடிறனை வகுப்பது எளிது; எண்ணிச் சுற்று ஒன்று அதைச் செய்துவிடும். பெருக்குவதுதான் கடினம். அதற்குக் கண்ட வழி மனித அறிவின் அழகிய வழிகளுள் ஒன்று. மின்னழுத்தத்தைக் கூட்டினால் விரைவாகவும் குறைத்தால் மெதுவாகவும் அலையும் சாதாரண அலையம் ஒன்றை எடுத்துக்கொள்கின்றோம். இது பளிங்கைப் போன்றதன்று. வெப்பம் ஏறினால் மாறும். மின்கலம் தளர்ந்தால் மாறும். இதன் அலையை ஓர் எண்ணால், ஐந்தால் என்று வைத்துக்கொள்வோம், வகுக்கின்றோம். வகுத்து வந்ததைப் பளிங்கிலிருந்து வரும் அலையோடு பக்கத்திற் பக்கமாக வைத்து ஒப்பிடுகின்றோம். எது முந்திவருகின்றது, எது பிந்திவருகின்றது என்பதே ஒப்பீடு. எமது அலையம் பிந்தினால் அதன் அழுத்தம் கூட்டப்படுகின்றது, முந்தினால் குறைக்கப்படுகின்றது, இரண்டும் ஒருமித்து வந்தால் எதுவும் செய்யப்படுவதில்லை. வகுத்த பின்னரும் இரண்டும் ஒன்றாக வருகின்றன என்றால், வகுக்குமுன் எமது அலை பளிங்கின் அலையிலும் சரியாக ஐந்து மடங்காக இருத்தல் வேண்டும். வகுக்கும் எண்ணை ஆறாக்கினால் ஆறு மடங்கு. ஏழாக்கினால் ஏழு மடங்கு. இதனையே அவத்தைப் பூட்டு வளையம் என்பர்.

ஒரு பொது வளையில் தொங்கவிட்ட இரு ஊசற் கடிகாரங்கள் தாமாகவே ஒரு தாளத்துக்கு வருவதை 1665ஆம் ஆண்டில் ஹைஜன்ஸ் கவனித்தார். வானொலி அலையைப் பூட்டிப் பெறும் சுற்றை 1932ஆம் ஆண்டில் பிரான்சில் ஹென்றி த பெல்சீஸ் விவரித்தார். ஆயினும் வால்வுகளைக் கொண்டு அதனை அமைப்பது செலவு மிக்கதாகவே இருந்தது. 1960களின் இறுதி தொடங்கி, எல்லோரும் ‘ஐசி’ என வழங்கும் ஒருங்கிணைந்த சுற்றினுள் அது அடங்கத் தொடங்கிய பின்னரே மாணாக்கனின் மேசைவரை வந்தது.

தாளைக் கொடுக்கும் முறையைக் கைவிட்டு, தேவையை மட்டும் கொடுப்பது என்று ஒரு பருவத்தில் முடிவு செய்தேன். கரும்பலகையில் நான் எழுதியது இவ்வளவே: “512 ஹேர்ட்ஸ் முதல் 2,304 ஹேர்ட்ஸ் வரை, 256 ஹேர்ட்ஸ் படிகளாக எட்டு மீடிறன்கள் வேண்டும். எட்டும் பளிங்கின் நேர்மையோடு இருக்க வேண்டும். கையில் 5 வோல்ற்று மின்வழங்கல் உண்டு. வடிவமைத்து வாருங்கள்.”

வகுப்பு மௌனமாயிற்று. அந்த மௌனம் அறியாமையின் மௌனமன்று. தம்மிடம் இவ்வாறு ஒருவரும் முன்பு கேட்டதில்லை என்ற வியப்பின் மௌனம் அது. பின்வரிசையிலிருந்த ஒருவன், “சேர், படம் தரமாட்டியளோ?” என்றான். “படத்தை நீங்கள்தான் எனக்குத் தரவேண்டும்” என்றேன்.

பொருள்களைத் தேடுவதிலிருந்து வேலை தொடங்கிற்று. பளிங்குக்காக எவரும் காசு செலவிடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஓடாத சுவர் மணிக்கூடு ஒன்று இருக்கின்றது. பெரும்பாலும் கெட்டுப்போவது பற்சில்லும் சுருளுமே; பளிங்கு உயிரோடுதான் இருக்கும். அடுத்த வகுப்புக்குத் தீப்பெட்டியொன்றில் ஏழெட்டுப் பளிங்குகள் வந்துசேர்ந்தன. 5 வோல்ற்றைப் பழைய கைப்பேசி மின்னேற்றிகள் தந்தன. விலைக்கு வாங்கவேண்டியவை 4060, 4046, 4017 என்னும் மூன்று ஐசிகளும் சில தடையிகளும் கொள்ளளவிகளும் மட்டுமே.

முதலாவது ஐசி பளிங்கை அதிரவைத்து, அதன் அலையைப் படிப்படியாகப் பாதியாக்குகின்றது. ஏழு முறை பாதியாக்கினால் 32,768 என்பது 256 ஆகின்றது. மூன்றாவது ஐசி பத்து வரை எண்ணும் எண்ணி. அதன் ஐந்தாம் வெளியீட்டை மீளமைக்கும் முனையோடு இணைத்தால் ஐந்தால் வகுக்கும். ஒன்பதாம் வெளியீட்டை இணைத்தால் ஒன்பதால் வகுக்கும். சுழல் ஆளியொன்றால் இரண்டு முதல் ஒன்பது வரை மாற்றிக்கொள்ளலாம். நடுவிலுள்ள 4046 ஐசியினுள் ஒப்புநோக்கியும் அலையமும் இருக்கின்றன. இவ்வளவையும் தரவுத்தாள்களைப் பார்த்து மாணாக்கரே கண்டனர். ஆங்கிலத் தரவுத்தாளை ஒருவர் வாசிக்க, மற்றவர் தமிழில் எழுதினர்.

இங்கே மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. மீடிறன், அவத்தை, கொள்ளளவி, அலையம் ஆகிய சொற்களைக் கேட்டு நகைப்பவர் உளர். 1950களிலும் 1960களிலும் கலைச்சொற் குழுக்களில் அமர்ந்து இத்தகைய சொற்களை ஆக்கியோர் நகைப்புக்காக ஆக்கவில்லை. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்தார். தாய்மொழியில் ஒரு துறையைச் சிந்திக்கலாம் என்பது இந்த மண்ணில் நிறுவப்பட்ட உண்மை. என் வகுப்பில் நான் கண்டதும் அதுவே. ஆங்கிலச் சொல்லை மனனம் செய்த மாணாக்கன் அதனைத் திருப்பிச் சொல்வான். ‘மீடிறன்’ என்ற சொல்லில் மீளுதல் இருக்கின்றது என்று கண்டவன், “எது மீளுது? எத்தனை தரம்?” என்று கேட்பான். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. தரவுத்தாளை வாசிக்க அது வேண்டும். சிந்திப்பதற்கு அதனை நுழைவுச்சீட்டாக வைப்பதையே எதிர்க்கின்றேன்.

அடுத்து அலையத்தைக் கணக்கிட்டனர். தரவுத்தாள் தரும் சூத்திரத்தின்படி, 100 கிலோஓம் தடையியும் 2.2 நனோபரட்டுக் கொள்ளளவியும் இட்டால் உச்ச மீடிறன் ஏறத்தாழ 4,480 ஹேர்ட்ஸ். வேண்டிய 2,304 அதற்குள் அடங்குகின்றது. வளையத்தை மூடாமல், அலையத்தை மட்டும் ஓடவிட்டு அளந்தனர். அலைவுகாட்டி எம்மிடம் ஒன்றுதான் உண்டு. எனவே சிறிய ஒலிபெருக்கியை இணைத்து, ஒலியின் மீடிறனைக் கைப்பேசியாற் பார்த்தனர். ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய மூன்று ஐசிகள். ஒரே பெறுமானத் தடையிகள். ஒரே பெறுமானக் கொள்ளளவிகள். மூன்று மேசையிலும் மூன்று மீடிறன். எதுவும் சூத்திரம் சொன்னதாக இல்லை. விரலை ஐசியின் மீது வைத்துச் சூடேற்றினால் ஒலி நழுவிற்று.

ஒரு குழுவினர் தம் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தனர். கணக்குச் சரியாகவே இருந்தது. தொழிற்சாலையில் வார்க்கப்படும் பொருள்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. சூத்திரம் ஏறத்தாழ வழிகாட்டுமேயன்றி வாக்குறுதி தருவதில்லை. படிப்பறையில் உள்ளவன் இதனை அறியமாட்டான். பட்டறையில் உள்ளவன் இதனை அறிவான், ஆயின் ஏன் என்று அறியமாட்டான். இரண்டையும் ஒருவனே அறியும் இடமாக எமது வகுப்பு இருத்தல் வேண்டும்.

பின்னர் வளையத்தை மூடினர். ஆளியை ஐந்தில் வைத்தபோது மூன்று மேசையிலும் 1,280 ஹேர்ட்ஸ். மூன்று ஒலிபெருக்கிகளையும் அருகருகே வைத்தபோது ஒரே ஒலி. விரலை வைத்துச் சூடேற்றினாலும் அசையவில்லை. ஒரு மாணவி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

“அப்ப சேர், சாமான் மூண்டும் முந்தி மாதிரிப் பிழையாத்தானே இருக்குது? ஆனா வாறது மட்டும் சரியா வருது.”

நான் ஒரு மணி நேரம் விரிவுரை செய்திருந்தாலும் இதனைவிடத் தெளிவாகக் கூறியிரேன். நேர்மை உறுப்பில் இல்லை. உறுப்புகளை ஒழுங்குசெய்த முறையில் இருக்கின்றது. விலையுயர்ந்த உறுப்புகளைத் தெரிந்தெடுத்துத் திருத்தத்தை வாங்க முயல்வது ஒரு வழி. மலிந்த உறுப்பை இடைவிடாது ஒப்பிட்டு, பிழையை அளந்து, பிழையைக்கொண்டே பிழையைத் திருத்துவது மற்றொரு வழி. ஏழை நாட்டு மாணாக்கனுக்கு இரண்டாவது வழி தெரிந்திருப்பது வெறும் பாடமன்று. அது அவன் கையிலுள்ள முதல்.

எல்லாம் இலகுவாக முடிந்துவிடவில்லை. ஒப்புநோக்கியிலிருந்து அலையத்துக்குச் செல்லும் வழியில் வடிகட்டி ஒன்று வேண்டும். தடையியும் கொள்ளளவியும் மட்டும் இட்ட குழுவினரின் ஒலி நிலைகொள்ளாமல் நடுங்கிக்கொண்டேயிருந்தது. மீடிறன் குறைகிறது என்று அழுத்தம் ஏறுகின்றது, ஏறிய வேகத்தில் இலக்கைத் தாண்டிவிடுகின்றது, தாண்டியதைத் திருத்த இறங்குகின்றது, மறுபக்கம் தாண்டிவிடுகின்றது. திருத்தும் ஆர்வமே தளம்பலுக்குக் காரணமாகின்றது. “என்ன செய்வது?” என்று கேட்டவர்களிடம், சைக்கிள் பழகும் சிறுவன் ஏன் இடமும் வலமும் வெட்டி வெட்டிச் செல்கின்றான் என்று கேட்டேன். சாய்ந்த பின்னரே அவன் திருப்புகின்றான். பழகியவனோ சாயும் வேகத்தைக் கண்டு முன்னரே திருப்புகின்றான். அந்த முன்னறிவைச் சுற்றுக்குத் தருவது கொள்ளளவியோடு தொடராக வைக்கும் சிறு தடையி. 100 கிலோஓம், 1 மைக்ரோபரட்டு, அதனோடு தொடராக 22 கிலோஓம் என்று அவர்கள் முடிவுசெய்தனர். நடுக்கம் நின்றது. ஆளியைத் திருப்பினால் ஒலி ஒரு கணம் வழுக்கிச் சென்று புதிய இடத்தில் அமர்ந்தது. அந்த 22 கிலோஓம் ஏன் அங்கே இருக்கின்றது என்று இனி அவர்களை எவரும் கேட்கலாம்.

இன்னொரு குழுவினர் படிகளை மேலும் சிறிதாக்க விரும்பினர். 256 ஹேர்ட்ஸ் படிக்குப் பதிலாக 8 ஹேர்ட்ஸ் படி. பளிங்கின் அலையை மேலும் ஐந்து முறை பாதியாக்கி, பெரிய எண்களால் வகுக்கும் எண்ணியை வைத்தால் அது கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். கிடைக்கும்தான். ஆயின் 256 ஹேர்ட்சில் விநாடிக்கு 256 முறை ஒப்பீடு நிகழ்கின்றது. 8 ஹேர்ட்சில் எட்டு முறைதான். பிழையை அரிதாகவே பார்க்கும் வளையம் மெதுவாகவே திருந்தும். நுண்மை வேண்டுமாயின் வேகத்தை இழக்கவேண்டும். வேகம் வேண்டுமாயின் நுண்மையை இழக்கவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலான முரண்பாடு இச்சுற்றின் உள்ளேயே பிறந்தது. பின்வந்த பொறியியலாளர்கள் பின்ன எண்களால் வகுக்கும் முறையைக் கண்டு இதனை வேறொரு தளத்துக்கு உயர்த்தினர். அங்கே வேறு முரண்பாடுகள் எழுந்தன. அன்று மாலை மின்விளக்கை அணைக்கும்வரை இரண்டு குழுவும் வாதிட்டன. எது தேவை என்று அறியாமல் எது சிறந்தது என்று சொல்லமுடியாது என்ற முடிவுக்கு அவர்களே வந்தனர். வடிவமைத்தல் என்பது இதுதான். சரியான விடையைக் கண்டுபிடிப்பதன்று. காரணத்தோடு தெரிவு செய்வது.

இந்த வகுப்பில் எனக்கு மறக்கமுடியாத வார்த்தை வேறொருவனுடையது. அவன் நாதஸ்வரம் வாசிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். வகுப்பில் அதிகம் பேசமாட்டான். தன் குடும்பத் தொழிலைப் பற்றிக் கேட்டால் தலையைக் குனிவான். கோயில் வீதியில் அத்தொழிலை இரசித்துத் தலையசைப்போர், அதே கலைஞனை எந்த வாசலில் நிறுத்தினர் என்பது எமது ஊர்களின் வரலாறு அறிந்தோர்க்குத் தெரியும். ஆளியை இரண்டிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவன் திடீரென்று சொன்னான்:

“சேர், ரெண்டிலையும் மூண்டிலையும் கேக்கிறது சட்சமும் பஞ்சமமும். நாலிலை மேல் சட்சம். அஞ்சிலை அந்தர காந்தாரம். ஏழிலை வாறதுதான் எங்கடை கணக்கிலை இல்லை.”

வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் கூறியது முற்றிலும் சரி. 512க்கும் 768க்கும் உள்ள விகிதம் இரண்டுக்கு மூன்று. அதுவே சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம். இரட்டித்தால் மேல் ஸ்தாயி. நான்குக்கு ஐந்து அந்தர காந்தாரம். எட்டுக்கு ஒன்பது சதுசுருதி ரிஷபம். ஏழாம் மடங்காகிய 1,792 மட்டும் எமது சுரங்களில் எதனோடும் பொருந்தாமல் நிற்கின்றது. தலைமுறை தலைமுறையாகக் காதால் அளந்து வந்த குடும்பத்தின் பிள்ளை, கைப்பேசியைப் பாராமலே எட்டு மீடிறன்களின் விகிதத்தையும் கூறிவிட்டான். அவனிடம் இருந்தது அறிவு. அதனை அறிவு என்று எந்தப் பாடத்திட்டமும் அதுவரை அவனுக்குச் சொல்லவில்லை. அதன்பின் அவன் மற்றக் குழுக்களின் சுற்றுகள் பூட்டிவிட்டனவா என்று காதாற் கேட்டுச் சொல்பவனானான். அலைவுகாட்டிக்காகக் காத்திருந்தோர் அவனுக்காகக் காத்திருந்தனர்.

இத்தகைய அறிவு எமது மக்களிடம் எங்கும் இருக்கின்றது. 1990களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மின்கலங்கள் வடக்கே வராதபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவின் மின்னில் வானொலி கேட்டவர்கள் எமது மக்கள். அவர்களுக்கு எவரும் சுற்றுப்படம் கொடுக்கவில்லை. தேவையிருந்தது; சிந்தித்தார்கள். துன்பத்தைப் போற்றுவதற்காக இதனைக் கூறவில்லை. அந்தத் தடை கொடுமையானது. ஆயின், ‘இவர்களுக்குச் செய்முறை மட்டும் போதும்’ என்று பாடத்திட்டம் வகுப்போர் நினைக்கும் அதே மக்கள்தாம் தேவை வந்தபோது வடிவமைத்தார்கள்.

இந்த முறைக்கு மறுப்புகள் எழாமலில்லை. பொறுப்பிலுள்ள ஒருவர் என்னை அழைத்து, “ஒரு செய்முறைக்கு ஐந்து வாரமா? இதே வேலையைச் செய்யும் மொடியூல் ஒன்று சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. கணினியில் சில வரிகள் எழுதினால் எந்த மீடிறனும் வரும். வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது எதற்கு?” என்று கேட்டார். அவர் கூறியதில் உண்மை உண்டு. அந்த மொடியூல் எமது சுற்றைவிட எவ்வகையிலும் சிறந்தது, விலையும் குறைவு. நாட்டுக்கு வேண்டிய யாவற்றையும் கையாற் செய்வோம் என்று நான் கூறவில்லை. அது விஞ்ஞானமும் அன்று, முற்போக்கும் அன்று. மொடியூலும் வேண்டும். ஆயின் அந்தச் சிறு சில்லினுள் இருப்பது என்ன? ஒரு பளிங்கின் அலை, ஓர் ஒப்புநோக்கி, ஒரு வடிகட்டி, ஓர் அலையம், ஒரு வகுப்பு எண்ணி. எமது மேசையில் இருந்தவையே அங்கும் இருக்கின்றன. ஒரு முறை தானே வடிவமைத்தவனுக்கு அந்தச் சில்லு திறந்த புத்தகம். மற்றவனுக்கு அது விலை கொடுத்து வாங்கிய மந்திரம். மந்திரம் பலிக்காதபோது அவனுக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் இன்னொன்றை வாங்குவது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றி, சிறு உறுப்புகளும் கடைகளில் அரிதானபோது, அந்தப் பரிகாரம் எவ்வளவு நொய்ந்தது என்பதைக் கண்டோம்.

வெளிநாட்டு வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய மாணாக்கன் ஒருவன் வளைகுடா நாடொன்றில் இயந்திரத் திருத்துநனாக இருக்கின்றான். விடுமுறையில் வந்தபோது தன் வேலையை விவரித்தான்: “பழுதான போட்டைக் கழட்டுறது, புதுப் போட்டைப் பூட்டுறது. பழசிலை என்ன பிழையெண்டு பாக்கிறது வேறை ஆக்கள், சேர். எங்களுக்கு அந்த அறைக்குள்ளை போக அனுமதியில்லை.” அவன் வருந்திச் சொல்லவில்லை, இயல்பாகவே சொன்னான். அந்த இயல்புதான் என்னை உறுத்துகின்றது. அந்த அறையின் கதவு பாலைவனத்தில் மட்டும் இல்லை. எமது வகுப்பறையில், அச்சிட்ட செய்முறைத் தாளில், அது முதலில் மூடப்படுகின்றது. உலகச் சந்தைக்கு மலிந்த கைகள் வேண்டும். அக்கைகளைப் பயிற்றி அனுப்புவதே தொழிற்கல்வியின் இலட்சியம் என்று நாமும் ஏற்றுக்கொண்டால், ஏடு படித்தோர்க்கும் தொழில் செய்தோர்க்கும் இடையே முன்னோர் இட்ட வேலியை நாமே புதுப்பிக்கின்றவர்களாவோம்.

ஐந்து வாரம் அதிகம் என்ற குற்றச்சாட்டுக்கு என் பதில், அந்த ஐந்து வாரத்தில் அவர்கள் கற்றவை. பளிங்கு, எண்ணி, அலையம், வடிகட்டி, பின்னூட்டல் என்று பாடத்திட்டத்தில் ஐந்து தலைப்புகளாகச் சிதறிக் கிடந்தவை ஒரே பொருளின் உறுப்புகளாயின. கணிதத்துக்கு அஞ்சியோர் விகிதத்தைப் பற்றி வாதிட்டனர். பரீட்சையின் புள்ளி உயர்ந்ததா என்று கேட்பவர்களுக்கு நான் தரக்கூடிய விடை வேறு: அந்தப் பருவத்தின் பின் எந்தத் தாளைக் கொடுத்தாலும் அவர்கள், “ஏன் சேர் இந்தப் பெறுமானம்?” என்று கேட்கத் தொடங்கினர். சில வேளைகளில் என்னாற் பதில் கூற முடிவதில்லை. தேடிப் பார்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கின்றது. ஆசிரியனுக்கு அதைவிட நல்ல வேலை வேறெது?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூறி முடிக்கின்றேன். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கின்ற செய்முறைகளுள் ஒன்றையாவது எடுத்து, படத்தை மறைத்து, தேவையை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். ஓடாத மணிக்கூடுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அளந்தவற்றையும் தெரிவுசெய்த காரணத்தையும் தமிழில் எழுதச் செய்யுங்கள். அவ்வாறு எழுதியவற்றைச் சேர்த்து வையுங்கள். அடுத்த பாடசாலைக்கும் அனுப்புங்கள். மாணாக்க நண்பர்களே, தாள் தரப்பட்டால் அதனை மறுக்க வேண்டாம். ஒவ்வொரு பெறுமானத்தின் அருகிலும் ‘ஏன்’ என்று எழுதி ஆசிரியரிடம் திருப்பிக் கொடுங்கள். அந்தச் சொல்லுக்கு விடை கூறும் கடமை எமக்கு உண்டு.